கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்: எமுலேட்டரில் ரெசல்யூஷனும் ஆஸ்பெக்ட் ரேஷியோவும் வைப்பது எப்படி

அக்கா பையன் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஃபோனில் எமுலேட்டர் (பழைய கேம் கன்சோலைப்போல நடந்துகொண்டு அதன் கேமை ஓட்டும் ஆப்) வழியாக சூப்பர் மாரியோ வேர்ல்டு ஆடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் மாரியோ பூரி மாதிரி உப்பிப்போய் ஓடுகிறார். ஃபோனை வாங்கி செட்டிங்ஸில் ஒரு இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். "மாமா, என்ன பண்ணீங்க? ரெண்டு பக்கமும் கறுப்பா ஆயிடுச்சு, பாதி ஸ்கிரீன் வேஸ்ட்டு" என்றான். அவனுக்கு அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் கூடுதல் கணக்கோடு.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பது படத்தின் வடிவம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். ரெசல்யூஷன் என்பது அந்த வடிவத்துக்குள் எத்தனை பிக்சல் என்பது. இரண்டும் வேறு வேறு, ஒன்றைத் தொட்டால் மற்றது மாறாது. வடிவத்தை முதலில் சரி செய்யுங்கள், அளவுக்கு அப்புறம் வாருங்கள். முகம் சப்பையாக இருக்கும் படத்தை 4கே-வில் பார்த்தாலும் சப்பை முகம்தான்.

டிவியில் ஆடிய பழைய கேம் எல்லாம் 4:3 டிவிக்காகச் செய்தவை. அதை 16:9 மானிட்டரில் இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். இப்போதைய 20:9 ஃபோன்களில் இன்னும் மோசம், மூன்றில் இரண்டு பங்கு கூடும். மாரியோ பூரி ஆனது அப்படித்தான். 1920க்கு 1080 ஸ்கிரீனில் 4:3 படம் என்றால் 1440க்கு 1080, பக்கத்துக்கு 240 பிக்சல் கறுப்பு. 2400க்கு 1080 ஃபோனில் பக்கத்துக்கு 480. வேஸ்ட்டு என்று பையன் சொன்ன அந்த இடத்தில்தான் தொடு பட்டன்களைக் கொண்டுபோய் வைத்தேன், அதற்கு அப்புறம் கட்டைவிரல் படத்தை மறைக்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை.

சரி, 4:3 என்று வைத்தால் முடிந்ததா? பெரும்பாலும் முடிந்தது. ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் பிறகு வரும் குழப்பம் பாதி குறையும். மாரியோ வேர்ல்டு வந்த கன்சோலான சூப்பர் நின்டெண்டோ வரைவது 256க்கு 224 பிக்சல். கணக்குப் போட்டால் இது 8:7, கிட்டத்தட்ட சதுரம். சேகா கம்பெனியின் மெகா டிரைவ் கன்சோல் பெரும்பாலும் 320க்கு 224, சில கேமில் 256க்கு 224. முதல் பிளேஸ்டேஷனில் அகலம் 256, 320, 368, 512, 640 என்று கேமுக்குக் கேம் மாறும், ஒரே கேமுக்குள் மெனுவுக்கு ஒன்று ஆட்டத்துக்கு ஒன்று என்றும் மாறும். க்ராஷ் பேண்டிகூட் 512க்கு 240. அந்த பிக்சலை எல்லாம் சதுரமாக எடுத்துக்கொண்டு காட்டினால் படம் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலமாக வரும், க்ராஷ் சப்பாத்திக் கட்டையால் தேய்த்த மாதிரி இருப்பான்.

பிக்சர் டியூப் டிவிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வரி மட்டும்தான். இடமிருந்து வலமாக ஒரு வரி, அந்த வரிக்குள் கன்சோல் 256 புள்ளி அனுப்பினாலும் சரி 512 அனுப்பினாலும் சரி, டியூபின் அகலம் முழுக்கப் பரவும். 256 அனுப்பினால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் பருமனாக விழும், 512 என்றால் ஒல்லியாக விழும். அதனால்தான் கேமின் பிக்சல் எண்ணிக்கையை வைத்து அதன் வடிவத்தைச் சொல்ல முடியாது. சூப்பர் நின்டெண்டோவின் ஒரு பிக்சல் அமெரிக்க, ஜப்பான் டிவியில் 8 அகலம் 7 உயரம் என்ற விகிதத்தில் விழும். 256-ஐ அந்த விகிதத்தில் விரித்தால் சுமார் 293, அதை 224-ஆல் வகுத்தால் 1.31 வரும். 4:3 என்பது 1.33. கிட்டத்தட்ட அதேதான்.

ரெட்ரோஆர்க் (பல கன்சோல்களின் எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ஆப், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு எமுலேட்டருக்கும் 'கோர்' என்று பெயர்) வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் வீடியோ, அதற்குள் ஸ்கேலிங் போய் ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 'கோர் புரொவைடட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கன்சோல், எந்த நேரத்தில் எத்தனை அகலம் என்பதை கோரே பார்த்துக்கொள்ளும். சில கோரில் அதன் சொந்த ஆப்ஷனிலும் வடிவத்துக்கு ஒரு வரி இருக்கும், அங்கே ஆட்டோ அல்லது 4:3. 'ஃபுல்' என்று ஒன்று இருக்கும், அதுதான் பூரி சுடும் செட்டிங், தொடாதீர்கள். '1:1 பிஏஆர்' என்றால் சதுர பிக்சல். இது கையடக்கக் கன்சோலுக்கு ரொம்பச் சரி: கேம்பாய் 160க்கு 144, கேம்பாய் அட்வான்ஸ் 240க்கு 160, அதாவது 3:2. இவற்றின் திரையில் பிக்சல் சதுரம்தான், 4:3 போட்டால் தப்பாகிவிடும். கேம்பாய் அட்வான்ஸ் கேமை 4:3-இல் ஆடி நாள் கணக்கில் கவனிக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொரு வில்லங்கம். 4:3 டிவிக்கு என்று செய்தாலும் எல்லா ஓவியர்களும் பிக்சல் பருமனாக விழுவதைக் கணக்கில் வைத்து வரையவில்லை. ஒரே கன்சோலில் ஒரு கேமில் நிலா 4:3-இல் வட்டமாக வரும், இன்னொன்றில் 1:1-இல்தான் வட்டமாக வரும். சில கேமில் இந்தக் காட்சிக்கு இது, அந்தக் காட்சிக்கு அது. சந்தேகம் வந்தால் வட்டமாக இருக்கவேண்டிய ஏதாவது ஒன்றை, சக்கரம், நிலா, பந்து, கண்டுபிடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்கூல் ஸ்கேலை ஸ்கிரீனில் வைத்து அளந்து பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கண் ஏமாற்றும், ஸ்கேல் ஏமாற்றாது. நான் எப்போதும் 4:3 பக்கம்தான், ஏனென்றால் அன்று வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடினவர்கள் பார்த்தது அதைத்தான்.

இனி அளவு. இங்கே 2டி கேமும் 3டி கேமும் இரண்டு வேறு உலகம், இதைக் கலந்துகொள்வதால்தான் பலருக்கு எங்கே கை வைப்பது என்றே தெரிவதில்லை. 2டி கேமில் ஒவ்வொரு பிக்சலும் ஒருவர் உட்கார்ந்து கையால் வைத்தது. அதற்கு மேல் அதில் விவரம் கிடையாது, எமுலேட்டரால் புதிதாக உருவாக்கவும் முடியாது. அதைப் பெரிதாக்கிக் காட்ட மட்டும்தான் முடியும். எப்படிப் பெரிதாக்குகிறோம் என்பதில்தான் விஷயம்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம், நம்மில் நிறையப் பேர் இன்னும் வைத்திருக்கும் 1366க்கு 768 லேப்டாப். சூப்பர் நின்டெண்டோ கேமின் 224 வரியை 768 உயரத்துக்கு நிரப்பினால் 3.43 மடங்கு. பிக்சலைப் பாதியாக வெட்ட முடியாதே, அதனால் என்ன நடக்கும்? 128 வரிகள் மூன்று பிக்சல் உயரமாகவும், 96 வரிகள் நான்கு பிக்சல் உயரமாகவும் வரும். திரை அசையாமல் இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, உரையாடல் பெட்டியில் எழுத்தின் சில கோடு மட்டும் தடித்திருக்கும். ஆனால் திரை மேலும் கீழும் நகர ஆரம்பித்ததும் செங்கல் சுவர் தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளியும், ஏனென்றால் ஒரே செங்கல் ஒரு கணம் மூன்று பிக்சல் வரியிலும் அடுத்த கணம் நான்கு பிக்சல் வரியிலும் விழுகிறது. பார்த்துப் பழகிவிட்டால் பரவாயில்லை, ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு மருந்து 'இன்டிஜர் ஸ்கேல்'. முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கு என்று அர்த்தம். இந்த லேப்டாப்பில் 3 மடங்கு, 672 உயரம். மேலே 48, கீழே 48 பிக்சல் கறுப்பு. நாலா பக்கமும் கறுப்புச் சட்டம் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் உயரவாக்கில் ஒவ்வொரு வரியும் சரிசமம். அகலவாக்கில் இன்னும் பிரச்சினை இருக்கிறது: 8:7 பிக்சலை மூன்று மடங்காக்கினால் அகலம் 878, அது 256-இன் முழு மடங்கு இல்லை. இந்த விகிதம் இரண்டு பக்கமும் துல்லியமாக உட்காருவது உயரத்தில் 7 மடங்கு, அகலத்தில் 8 மடங்கு வைக்கும்போதுதான், அதாவது 2048க்கு 1568. அதற்கு 4கே போன்ற பெரிய திரை வேண்டும். நம்மிடம் இல்லை. அதனால் 'ஷார்ப் பைலீனியர்' என்ற ஷேடரை (படத்தைத் திரையில் காட்டும் முன் மெருகேற்றும் சின்ன புரோகிராம்) போடுங்கள், ரெட்ரோஆர்க்கின் ஷேடர் பட்டியலிலேயே இருக்கிறது. பிக்சலை முதலில் கூர்மையாகப் பெரிதாக்கிவிட்டு ஓரத்தில் மட்டும் லேசாகக் கலக்கும். நெளிவு காணாமல் போகும், படமும் மங்காது. உண்மையைச் சொன்னால் இதைப் போட்ட பிறகு நான் பல கேமுக்கு இன்டிஜர் ஸ்கேலையே எடுத்துவிட்டு முழு உயரத்துக்கு வைத்துவிட்டேன்.

1080 உயர மானிட்டர் என்றால் 224 வரிக்கு 4 மடங்கு 896, மேலும் கீழும் 92 போகும். 5 மடங்கு 1120, ஸ்கிரீனைவிட 40 பிக்சல் அதிகம், அதாவது கேமின் 8 வரி வெட்டுப்படும், மேலே நாலு கீழே நாலு. ரெட்ரோஆர்க்கில் இதற்கு 'ஓவர்ஸ்கேல்' என்று தனி ஆப்ஷன் உண்டு. தைரியமாகப் போடலாம், பழைய டிவியின் பிளாஸ்டிக் விளிம்பே ஓரத்து வரிகளை மறைத்துக்கொண்டுதான் இருந்தது, கேம் செய்தவர்களும் முக்கியமான எதையும் அங்கே வைக்க மாட்டார்கள். ஆனால் 240 வரி கேமில் 5 மடங்கு வைத்தால் 24 வரி போய்விடும், அங்கே ஸ்கோரும் உயிர் எண்ணிக்கையும் பாதி வெட்டுப்படலாம், பார்த்துச் செய்யுங்கள். 720, 1440, 2160 உயரத் திரை வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், 240 இவை எல்லாவற்றிலும் மீதியில்லாமல் போகும். 1080-இல்தான் நாலரை.

கேம்பாய் அட்வான்ஸுக்கு 768 திரையில் 4 மடங்கு, 1080 திரையில் 6 மடங்கு, வேறு யோசனையே வேண்டாம்.

பிக்சலை எல்லாம் வழுவழுவென்று ஓவியம்போல மாற்றும் ஃபில்டர்கள் நிறைய உண்டு. என் ரசனைக்கு அவை மெழுகு பூசின மாதிரி இருக்கும், கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒரு குழம்பு. பிக்சர் டியூப் போலக் காட்டும் ஷேடர்கள் வேறு ஜாதி, அவற்றுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மெகா டிரைவில் சோனிக்கின் அருவியைக் கவனித்திருக்கிறீர்களா, கோடு கோடாக இருக்கும். அந்தக் கன்சோலில் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் நிறம் போட வழியில்லை, அதனால் ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரைந்தார்கள், மஞ்சள் ஒயர் வழியாக டிவிக்குப் போகும்போது பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலங்கி அருவி ஊடுருவித் தெரிந்தது. கூர்மையான மானிட்டரில் அந்தத் தந்திரம் அம்பலமாகிவிடுகிறது. பழைய ஃபோனுக்கு 'ஃபாஸ்ட் சிஆர்டி' வகை ஷேடர் போதும், கனமானதைப் போட்டால் ஃபோன் தோசைக்கல் ஆகிவிடும். வரிக்கோடு போடும் ஷேடருக்கு மட்டும் இன்டிஜர் ஸ்கேல் கட்டாயம், இல்லையென்றால் சில இடத்தில் கோடு தடித்து திரை முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரியும்.

3டி கேமுக்கு வருவோம். இங்கே கதை தலைகீழ். முதல் பிளேஸ்டேஷன், பிஎஸ் 2 (இரண்டாவது பிளேஸ்டேஷன்), நின்டெண்டோவின் கேம்கியூப், பிஎஸ்பி (கையடக்க பிளேஸ்டேஷன்) எல்லாம் முக்கோணங்களை வைத்துப் படம் வரைபவை. அந்த முக்கோணத்தின் மூலைகள் எங்கே இருக்கின்றன என்பது எமுலேட்டருக்குத் தெரியும், அதனால் அதையே இன்னும் நிறையப் பிக்சலில் புதிதாக வரைய முடியும். இதுதான் 'இன்டர்னல் ரெசல்யூஷன்'. 1080பி திரைக்கு முதல் பிளேஸ்டேஷன் எமுலேட்டரான டக்ஸ்டேஷனில் 5 மடங்கு, பிஎஸ் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-இல் 3 மடங்கு, கேம்கியூப் எமுலேட்டரான டால்ஃபினிலும் 3 மடங்கு. பிஎஸ்பியின் திரை 480க்கு 272, அதன் 4 மடங்கு 1920க்கு 1088, உங்கள் மானிட்டரைவிட எட்டே வரி அதிகம், யாரோ பொருத்தம் பார்த்துச் செய்த மாதிரி.

மடங்கு என்பது பக்கக் கணக்கு என்பதை மறக்காதீர்கள். 2 மடங்கு என்றால் பிக்சல் 4 மடங்கு, 4 மடங்கு என்றால் 16. இந்தச் சுமை முழுக்க கிராபிக்ஸ் கார்டின் தலையில். அதனால் ஒரு மடங்கில் ஆரம்பித்து, மெனுவில் இல்லாமல் ஆட்டத்திலேயே கூட்டமும் புகையும் வெடியும் நிறைந்த ஒரு இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். திணற ஆரம்பித்ததும் ஒரு படி இறங்குங்கள். இறக்கியும் வேகம் திரும்பவில்லையா? அப்படியென்றால் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு இல்லை, பிராசசர். ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் அது சரியாகாது, அதனால் பழையபடி ஏற்றியே வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ் 2 எமுலேட்டரில் இது அடிக்கடி நடக்கும், ஆட்கள் ஒரு மடங்கில் மங்கலாகவே ஆடிக்கொண்டு ஸ்லோ என்று புலம்புவார்கள். விண்டோஸின் திரை ரெசல்யூஷனை 800க்கு 600 என்று இறக்கி வைப்பதும் இதே ரகம்தான். எல்சிடி திரை அதன் சொந்த அளவில் இருக்கட்டும், மாற்றவேண்டியது எமுலேட்டருக்குள்.

மடங்கை ஏற்றினால் எல்லாம் அழகாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7, அதற்கு முந்தைய வருடம் வந்த ரெசிடென்ட் ஈவில் போன்றவற்றில் ஆட்கள் மட்டும்தான் 3டி, பின்னணி முன்கூட்டியே வரைந்து வைத்த படம். மடங்கை ஏற்றினால் ஆள் கத்திமுனையாகக் கூர்மையாவான், பின்னணி அதே பழைய மங்கலில் இருக்கும், ஃபிளெக்ஸ் பேனரில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி. இந்த வகைக்கு 2 மடங்கோடு நிறுத்திக்கொள்வேன், சில நாள் ஒரு மடங்கிலேயே ஷேடர் போட்டு ஆடுவேன், அதுதான் ஒட்டுமொத்தமாகப் பார்க்க நன்றாக இருக்கிறது. பிளேஸ்டேஷனில் வந்த 2டி கேமுக்கு மடங்கே வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 3டி கேமில் இன்னொன்று, மடங்கை ஏற்றியதும் சுவரும் தரையும் ஜெல்லி மாதிரி நடுங்குவது கண்ணில் அடிக்கும். எமுலேட்டரின் பிழை இல்லை அது, அந்தக் கன்சோல் முக்கோண மூலைகளை முழு பிக்சலில் மட்டுமே வைக்கும், பாதிப் பிக்சல் கணக்கு அதற்குக் கிடையாது. டக்ஸ்டேஷனில் 'பிஜிஎக்ஸ்பி' என்ற ஆப்ஷனைப் போட்டால் பெரும்பாலான கேமில் நடுக்கம் நின்றுவிடும். பிசிஎஸ்எக்ஸ்2-இல் மடங்கு ஏற்றியதும் விளக்கொளியும் நிழலும் இரண்டாகத் தெரிந்தால் 'ஹாஃப் பிக்சல் ஆஃப்செட்' பக்கம் போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: கறுப்புப் பட்டையே இல்லாமல், ஆளும் குண்டாகாமல் ஆட முடியாதா? 3டி கேமில் முடியும், சில நேரம். முதலில் கேமுக்குள்ளேயே தேடுங்கள். காட் ஆஃப் வார் 2-இல் ஆப்ஷன்ஸில் அகலத்திரை செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டதும் நாயகன் க்ரேட்டோஸ் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாகிவிடுவான், பதறவேண்டாம், கேம் அகலமான காட்சியை அதே பழைய சட்டத்துக்குள் நெருக்கித் திணித்து அனுப்புகிறது, டிவி அதை விரித்துக்கொள்ளும் என்று நம்பி. அந்த டிவியின் வேலையை எமுலேட்டர் செய்யவேண்டும், அதனால் அங்கேயும் 16:9 வையுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் போடவேண்டும். எமுலேட்டரில் மட்டும் போட்டால் குண்டு, கேமில் மட்டும் போட்டால் ஒல்லி.

கேமில் அந்த வசதி இல்லையென்றால் பிசிஎஸ்எக்ஸ்2-இல் அகலத்திரை பேட்ச், டால்ஃபினில் 'வைட்ஸ்கிரீன் ஹேக்', டக்ஸ்டேஷனில் 'வைட்ஸ்கிரீன் ரெண்டரிங்'. பேட்ச் அந்தந்த கேமுக்கு என்று ஒருவர் உட்கார்ந்து செய்தது, நம்பலாம். ஹேக் என்பது பொதுவான தந்திரம். 4:3 சட்டத்துக்கு வெளியே இருப்பதை வரையவேண்டாம் என்று கேமுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள், நீங்கள் சட்டத்தை அகலமாக்கியதும் ஓரத்தில் மரமும் ஆளும் திடீரென்று முளைப்பதும் மறைவதும் தெரியும். ரேஸ் கேமில் சகித்துக்கொள்ளலாம். வரைந்த பின்னணி உள்ள கேமில் போடவே போடாதீர்கள், அந்தப் படத்துக்கு ஓரம் என்று ஒன்று வரையப்படவே இல்லை. 2டி கேமுக்கு இது எதுவும் பொருந்தாது.

டிவியில் இணைத்து ஆடுபவர்கள் டிவியின் சொந்த ரிமோட்டையும் எடுங்கள். எமுலேட்டரில் எல்லாம் ஒழுங்காக வைத்த பிறகும் ஓரம் வெட்டுப்பட்டால், டிவியின் படஅளவு மெனுவில் ஸ்கேன் என்றோ ஃபிட் என்றோ ஒன்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், படத்தை அப்படியே வெட்டாமல் காட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரெட்ரோஆர்க்கில் 'கஸ்டம்' அளவை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேம் கோப்பு எந்த நாட்டுப் பதிப்பு என்பதும் இதில் தலையிடும். ஐரோப்பியப் பதிப்பு பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையில் ஓடிய டிவிக்கானது. நம் ஊர்ப் பழைய டிவியும் பிஏஎல்தான், எல்லோரும் பால் என்றுதான் சொல்வோம், எழுதினால் டீக்கடை ஞாபகம் வரும். அந்த டிவியில் வரி அதிகம், ஆனால் படம் மாறுவது நொடிக்கு 60-க்குப் பதில் 50 முறைதான். நிறைய கேமை அதற்கேற்ப மாற்றாமல் அப்படியே விட்டார்கள், அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நசுங்கிய படம், ஆறில் ஒரு பங்கு குறைந்த வேகம். மெகா டிரைவ் சோனிக்கின் பாட்டு ஐரோப்பாவில் இழுத்து இழுத்து ஓடியது இதனால்தான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 50-இல் ஓடும் கேம் நகரும்போது தட்டித் தட்டிப் போகும். கோப்பின் பெயரில் யூரோப் என்று இருந்து படம் குள்ளமாகத் தெரிந்தால் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டாமல் அமெரிக்கப் பதிப்புக்கு மாறிவிடுங்கள்.

கடைசியாக, வைத்ததை எல்லாம் சேமியுங்கள், அதுவும் சரியான இடத்தில். ரெட்ரோஆர்க்கில் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது குவிக் மெனுவில் 'ஓவர்ரைட்ஸ்' போனால் கோருக்கு மட்டும் என்றும் இந்த கேமுக்கு மட்டும் என்றும் தனித்தனியாகச் சேமிக்கலாம். சூப்பர் நின்டெண்டோவுக்கு 4:3-ஐ கோரில் சேமியுங்கள், கேம்பாய் அட்வான்ஸுக்கு 1:1-ஐ அதன் கோரில். பொதுவாகச் சேமித்தால் ஒன்றுக்கு வைத்தது மற்றதைக் கெடுக்கும். பிசிஎஸ்எக்ஸ்2, டக்ஸ்டேஷன், டால்ஃபின் மூன்றிலும் பட்டியலில் கேமின் மேல் வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸுக்குள் போனால் அந்த கேமுக்கு மட்டும் வைக்கலாம். பையன் ஃபோனில் நான் இதைச் செய்ய மறந்துவிட்டேன். ஊருக்குப் போன மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான், மாரியோ மறுபடியும் பூரி, கீழே ஒரு வரி: "மாமா, திரும்ப உப்பிட்டார்."